நுவரெலியா ஆற்றுப்படை

ஆற்றுப்படை என்பது தமிழிலக்கியத்துள் வழிகாட்டும் நூல்வகை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிர்ப்பட்ட இரவலனுக்குத் தான் சென்ற வழியின் இயல்பைக் கூறி வள்ளலிடத்துச் செலுத்துவதே அதன் பொருள். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் மலைபடுகடாம் மலைவழியை விரித்துரைப்பது. வழுக்குநிலம் எங்குண்டு, புனங்காவலர் எறியுங் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, எக்குடியில் எவ்வுணவு கிட்டும் என்பனவெல்லாம் அதிற் கூறப்படுகின்றன. நன்னன் பின்னரே வருகின்றான். வழியில் வாழ்வோர் அவனுக்கு முன்னரே வந்துவிடுகின்றனர்.

இன்று நுவரெலியாவுக்கு முதன்முறை செல்வோர் கையிற் கொள்ளும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இதற்கு மாறானவை. 'சின்ன இங்கிலாந்து' என்னுந் தொடரோடு தொடங்கி, வாவியில் ஓடஞ் செலுத்துவதோடு அவை முடிந்துவிடும். யானும் மாணவப் பருவத்தில் ஒரு சித்திரை விடுமுறையில் அவ்வாறே சென்று, குதிரைப்பந்தயத் திடலையும் சனத்திரளையுங் கண்டு, ஊரைக் காணாது மீண்டேன். பின்னர் தோட்டப் பாடசாலையிற் கற்பித்த நண்பரொருவரோடு காலால் நடந்தபோதே அவ்வூர் எனக்கு விளங்கிற்று. அவர் காட்டிய ஒருநாள் வழியையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 6,128 அடி உயரத்தில், நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு சமதரையில் அமைந்துள்ளது. வடக்கே நிற்பது இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால; அதன் உயரம் 8,281 அடி. சித்திரை மாதத்தை விலக்குக. தை முதல் பங்குனி வரையுள்ள காலமே நடைக்கு உகந்தது. அக்காலத்து இரவிற் சிலவேளை உறைபனி விழுந்து கொழுந்து கருகும். ஆயினும் காலை வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடுமாதலின் காலை 7 மணிக்கே புறப்படுதல் வேண்டும். கம்பளிச் சட்டையும் நல்ல சப்பாத்தும் இன்றியமையாதன. மழை பெய்திருப்பின் அட்டைக்கும் ஆயத்தமாகச் செல்க.

நடையைத் தபாற்கந்தோரிலிருந்து தொடங்குதல் நன்று. செங்கல்லால் எழுந்து, மணிக்கூண்டோடு நிற்கும் இக்கட்டடம் 1894 ஆம் ஆண்டுக்குரியது. இதனை விருந்தினர் விடுதியாக்கும் முயற்சி 2023 இல் எழுந்தபோது தபால் ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்து எதிர்த்தனர். அழகிய கட்டடம் என்பதற்காக மாத்திரம் இதனை முதலிற் கூறினேனல்லேன். காரணம் பின்னர்ப் புலப்படும். எதிரே விக்டோரியாப் பூங்கா. 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாக அது அப்பெயர் பெற்றது. பறவை நோக்குவோர் அங்கே ஒரு மணிநேரம் தங்கலாம். ஏனையோர்க்குக் கால்மணி போதும்.

பூங்காவுக்கு அப்பால், கொல்ஃப் திடலை அடுத்துள்ளன ஆங்கிலேயரின் பழைய வாசத்தலங்கள். 1819 இல் வைத்தியர் ஜோன் டேவி இச்சமதரையைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். தேசாதிபதி சேர் எட்வேட் பார்ண்ஸ் இங்கே தமக்கொரு மாளிகை அமைத்தார். நோயுற்ற படைவீரர் உடல்தேறும் இடமாகவும் ஊரை ஆக்கினார். அம்மாளிகையே பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாயிற்று. 1848 இல் சாமுவேல் பேக்கர் என்பார் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் கொணர்ந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முயன்றார். யானையைப் பூட்டி உழுவித்தார் என்பர். 1855 இல் அவர் ஊர் மீண்டார். அவர் விரும்பிய மேலைநாட்டு மரக்கறி மாத்திரம் இம்மண்ணில் நிலைத்துவிட்டது. சற்று மேலே 1876 இல் தோன்றிய ஹில் கிளப் இருக்கின்றது. நெடுங்காலம் இந்நாட்டவரை உறுப்பினராக ஏற்காத சங்கம் அது.

இங்கே பலர் காணாது செல்லும் ஓரிடம் உண்டு. கொல்ஃப் திடலருகே பழைய இடுகாடொன்றில் மேஜர் றொஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கின்றது. 1,400 யானைகளுக்கு மேற் கொன்றார் எனப் பெயர்பெற்ற இவர், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். யானை கொன்றவன் பெயர் கல்லில் நிற்கின்றது. அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த ஏழை மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். அவர்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. அந்நடையை நினைவுகூர்ந்து, மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டாகியதென்று, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்தனர்.

1852 இல் அபிடேகஞ் செய்யப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயத்தையும் அதன் முற்றத்துக் கல்லறைகளையும் பார்த்தபின், கடைவீதியிற் காலையுணவை முடித்துக்கொள்க. இனிவருவதே நடையின் உயிர்ப்பகுதி.

கந்தப்பளைக்கும் இராகலைக்குஞ் செல்லும் வீதியில் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக நடந்தால் பீட்று தோட்டத்தை அடையலாம். இத்திசையிலே ஒருகாலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைவரை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்திற் சிறு புகையிரதம் ஓடிற்று. 1903 இல் தொடங்கி அடுத்த ஆண்டு இராகலையை எட்டிய அது, 1940களில் முற்றாக மூடப்பட்டது. தேயிலையே அதன் முதன்மைச் சரக்கு. கோப்பியை 1869 இல் தோன்றிய இலைநோய் அழித்தபின் இம்மலைகளைத் தேயிலை பற்றிக்கொண்டது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டிருந்தமை யாவரும் அறிந்ததே.

பீட்று தொழிற்சாலையிற் கொழுந்து தேயிலையாகும் முறையைக் காட்டுவர். கொழுந்தைப் பரப்பிக் காற்றூட்டி வாட்டுதல், உருட்டுதல், காற்றுப்பட்டு நிறமாறவிடுதல், சூடேற்றி உலர்த்துதல், சலித்துத் தரம்பிரித்தல் என்பன படிகள். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். குளிர்ந்த காற்று இத்தேயிலைக்கு உகந்ததாதலின் வேலையின் பெரும்பகுதி இரவில் நடைபெறுவதுண்டு. பகலிற் செல்வோர் ஓய்ந்த இயந்திரங்களைக் கண்டு ஏமாறவேண்டாம்.

தொழிற்சாலையோடு திரும்பிவிடுவோரே பலர். அவ்வாறு திரும்பற்க. 'காதலர் பாய்ச்சல்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய அருவியை நோக்கித் தேயிலை மலைகளூடே ஒரு பாதை செல்கின்றது. ஏறத்தாழ 100 அடி உயரத்திலிருந்து விழும் அருவி அது. அதனினும் பாதையே சிறந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பிற் படங்கு சுற்றி, கூடையின் கயிற்றைத் தலையிற் கொளுவி, சரிவில் நிரையாக நிற்பர். அவர்தம் வழக்குச் சொற்கள் தமிழ் பயில்வோர் செவிசாய்க்கத் தக்கன. ஒருநாள் வேலை அங்கே 'பேர்'. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. காலையில் ஆள்சேரும் இடம் பிரட்டுக்களம். ஆங்கிலப் படையணிச் சொல்லின் திரிபு இது. செடியை வெட்டித் தறித்தல் கவ்வாத்து, படைப்பயிற்சிக்கும் இப்பெயருண்டு. வீட்டு நிரை லயம். இதனை ஆங்கில 'லைன்' என்பதன் திரிபென்பர். குதிரை கட்டும் லாயம் நம் நினைவுக்கு வருதல் தற்செயலே. ஆயினும் ஓர் அறை ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி என அறியும்போது அந்நினைவு எளிதில் அகல்வதில்லை.

லயங்கள் காட்சிப்பொருளல்ல, வீடுகள். கேளாமற் படமெடுத்தல் ஆகாது. முதியோரை ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்து வழி வினவினால், வாங்க என்று இருத்தித் தேத்தண்ணீர் தருவர். ஏற்றுமதிக்கன்றி எஞ்சிய தூளிற் பெரும்பாலும் அது காய்ச்சப்பட்டிருக்கும்.

இனித் தபாற்கந்தோருக்கு வருவாம். ஊரின் நடுவே இத்துணை அழகிய தபாற்கந்தோர் 1894 முதல் நிற்க, அதைச் சூழ்ந்த மலைகளில் வாழ்ந்தோர்க்கு நெடுங்காலம் தமக்கென ஒரு முகவரி இருந்ததில்லை. லய அறைகளுக்கு வீட்டிலக்கமில்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்தே கைமாறவேண்டும். தவணை கடந்து கைக்கெட்டிய நேர்முகக் கடிதத்தால் வேலையிழந்த ஒரு மாணவனைப் பற்றி என் நண்பர் கூறியதுண்டு. முகவரியைப் போலவே நாடும் அவர்க்கு இல்லாதாயிற்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமான் பாராளுமன்றஞ் சென்றார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் சரிபாதியாகப் பகிர்ந்தன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமை அளித்தது. லயத்தின் ஒருபாதி நீலகிரிக்குச் சென்றுவிட மறுபாதியில் இருந்தோர்க்கு உறவின் ஒரே இழை, இத்தபாற்கந்தோர் வழியாகச் சென்றுவந்த கடிதமே.

பிற்பகல் மூன்று மணியளவில் அதே வீதியால் ஊருக்கு இறங்குக. ஏற்றமில்லாததாற் கால் நோகாது. குதிரைப்பந்தயத் திடலைக் கடந்தால் கிறெகரி வாவி. தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் காலத்தில் 1873 இல் அமைக்கப்பட்டது. கரையில் இருந்து இளைப்பாறலாம். ஓடத்துக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். இதுவரை நடந்தது 12 கிலோமீற்றருக்குக் குறையாது.

மறுநாளும் தங்குவோர் பதுளை வீதியில் பஸ் ஏறிச் சீதா எலியவில் இறங்குக. அசோகவனம் எனக் கருதப்படும் அங்கே, ஓடையருகே சீதையம்மன் கோயில் இருக்கின்றது. 2024 வைகாசியிற் குடமுழுக்குக் கண்டது. அங்கிருந்து ஹக்கல பூங்கா சிறிது தூரமே. 1861 இற் கொய்னா மரத்தைப் பரீட்சித்துப் பயிரிடவே அப்பூங்கா தொடங்கப்பட்டது. அதன் உரோசாச் செடிகளைக் காண விரும்புவோர் காலையிற் செல்லுதல் நலம். பத்து மணிக்குப் பின் பஸ்களில் இடங்கிடைப்பது அரிது.