‘என்ட்ரி’: பதுளைத் தோட்டங்களில் ஒரு சொல்லும் பல வாசல்களும்

பதுளை பஸ் நிலையத்திலோ ஹாலிஎல கடைத்தெருவிலோ கொஞ்ச நேரம் நின்றால் ‘என்ட்ரி’ என்ற சொல் எப்படியும் காதில் விழும். “பேசாம பொலிஸில ஒரு என்ட்ரி போட்டு வை” என்று ஒருவர் புத்தி சொல்வார். “இது நோ என்ட்ரி, திருப்பு” என்று சாரதியிடம் ஒருவர் கத்துவார். படம் பார்த்த இளைஞர்கள் கதாநாயகனின் என்ட்ரியைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள்.

லத்தீனில் ‘உள்ளே போதல்’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஆங்கிலத்தில் இதற்கு முக்கியமாக இரண்டு பொருள். ஒன்று, உள்ளே நுழைவதும் நுழையும் வழியும். மற்றது, ஒரு புத்தகத்தில் எழுதப்படும் குறிப்பு. தமிழில் இவற்றுக்கு நுழைவு, பதிவு என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஆனால் மலையக மக்களின் வாழ்க்கையில் இந்த இரண்டையும் பிரிப்பது கடினம். ஏட்டில் பெயர் ஏறினால்தான் அவர்களுக்கு வாசல் திறந்தது.

பெயரே சம்பளம்

தோட்டத்தில் முதல் ஏடு செக்ரோல். காலையில் பெரட்டுக் களத்தில் நின்றவர் யார், மலைக்குப் போனவர் யார் என்பதை அதில்தான் பதிவார்கள். இதற்கு எங்கள் பக்கத்தில் என்ட்ரி என்று சொல்வதில்லை. ‘பேர் போடுறது’ என்பார்கள். ஒரு நாள் சம்பளத்துக்கே ‘பேர்’ என்றுதான் பெயர். முழு வேலை செய்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். எழுதுகிறவரின் பேனா சறுக்கினால் ஒருவரின் உழைப்பு இல்லாமல் போய்விடும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

வாசலில் தடை

நுழைவு என்ற பொருளிலும் இந்தச் சொல்லுக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. தோட்டம் கம்பெனியின் சொத்தாக இருந்தது. லயமும் அதற்குள்தான் இருக்கிறது. எனவே தொழிலாளியின் வாசலுக்கு வரும் வெளியாள், சட்டத்தின் பார்வையில் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடலாம். தொழிற்சங்கக்காரர்களைத் தடுக்க நிர்வாகங்களுக்கு இது வசதியாக இருந்தது. 1940ஆம் ஆண்டு மலையகமெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தபோது, பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டமும் அதன் முக்கிய களங்களில் ஒன்றாக இருந்தது. ஆனாலும் சங்கப் பிரதிநிதி தோட்டத்துக்குள் நுழைவதற்கென்றே ஒரு சட்டம் வர மேலும் 30 ஆண்டுகள் ஆயின. 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அது. சட்டத்தின் பெயரிலேயே ‘என்ட்ரி’ என்ற சொல் இருக்கிறது.

இடாப்பில் இல்லாத மக்கள்

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று, வென்றவர் எஸ்.எம். சுப்பையா. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்படி, தொடர்ந்து இங்கேயே வாழ்ந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. திருமணமானவருக்கு 7 ஆண்டுகள், ஆகாதவருக்கு 10 ஆண்டுகள். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பிறப்பைப் பதியாத தகப்பன், வேறு பெயரில் எழுதப்பட்ட தாய், தொலைந்துபோன ஒரு துண்டுக் காகிதம் என எதுவும் விண்ணப்பத்தைக் கவிழ்க்கப் போதுமானதாக இருந்தது. 1952 தேர்தலில் தோட்ட மக்களில் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை.

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தார்கள்.

பொலிஸ் என்ட்ரி என்றால் என்ன?

இன்று மக்கள் அதிகம் குழம்புவது இதில்தான். என்ட்ரி போட்டால் வழக்குப் போட்டாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நீங்கள் சொன்னது தகவல் புத்தகத்தில் பதியப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். விசாரணையும் வழக்கும் அதற்குப் பிறகு வரும்; வராமலும் போகலாம். ஆனால் அந்தப் பதிவு இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிலைநாட்டுவது கடினம்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின்படி, வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை எழுத்தில் பதிந்து, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும். நம் பக்கத்தில் சிக்கல் மொழியில் வருகிறது. தமிழில் சொல்வது சிங்களத்தில் எழுதப்படுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து விழுகிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியது 1987இல். பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை உள்ளிட்ட பிரிவுகளில் இரு மொழிகளிலும் நிர்வாகம் நடக்க வேண்டும் என்று 1999இல் அறிவிக்கப்பட்டது. எனவே விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்படி கேட்பது சண்டைக்குப் போவதாகாது. கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். முறைப்பாட்டின் திகதியையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

தோட்டத்துப் பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது நான் அடிக்கடி காண்பது ஒன்று. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. வீட்டில் கூப்பிட்ட பெயரையே கணக்கப்பிள்ளை எழுதியிருப்பார். சிங்களத்தில் எழுதி மீண்டும் தமிழுக்கு வரும்போது அது வேறொன்றாகியிருக்கும். மாதாமாதம் தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் நிர்வாகத்திடமிருந்து 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகின்றன. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். அந்த வயதில் போய் நிற்கும்போதுதான், இரண்டு பெயரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். நிரூபிக்கும்வரை பணம் தாமதமாகிறது. சத்தியக் கடதாசிக்கும் பஸ்ஸுக்கும் கைக்காசு கரைகிறது.

இதைத் தவிர்க்க ஓய்வு பெறும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலையில் இருக்கும்போதே அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் கணக்கு விபரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். தோட்ட ஏட்டில் பிழை இருந்தால் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்தால், பெயரைப் பதியும் அன்றைக்கே தமிழ் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

எங்கள் பாட்டன்மாரின் பெயர்களை எழுதியவர்கள் வேறு யாரோ. அப்போது அவர்களால் வாசித்துப் பார்க்க முடியவில்லை. இப்போது நம் வீடுகளில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த முறை யாராவது “இதில ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று ஏட்டை நீட்டினால், முதலில் அந்தப் பிள்ளையின் கையில் அதைக் கொடுங்கள்.