இலவசக் கல்வியும் வாராத பிள்ளையும்

நம் நாட்டிலே கல்விக்குக் கட்டணம் இல்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் அயரா முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதந் தொடங்கி, பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கலாயின. 5 வயது முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்னும் 1997ஆம் ஆண்டு விதி, 2016இல் 16 வயது வரை நீட்டப்பெற்றது. வாயில்கள் இவ்வாறு திறந்திருக்கவும், மூதூர்க் கிழக்கிலும் வெருகற் பக்கத்திலும் குச்சவெளிக் கரையிலும் உள்ள பாடசாலைகளின் வரவுப் பதிவேடுகளிற் பல நாள் வெறுமையாய் நிற்கும் பெயர்கள் உள. அவை ஏன் அவ்வாறு நிற்கின்றன, பாடசாலையும் அதன் பழைய மாணவரும் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கட்டணம் நீங்கிற்று; செலவு நீங்கவில்லை. சப்பாத்து, கொப்பி, பஸ் காசு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துச் சந்தா, விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்தின் நிறத்திலே ஒரு சட்டை, மாலையில் தனியார் வகுப்பு என்றிவை ஒவ்வொன்றுஞ் சிறியனவே, கூடியவிடத்துப் பெரியன. திருகோணமலைக் கடற்கரைக்கு உரிய இடர் ஒன்றும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளித்து நிற்கும். சிறுதோணியையும் கரைவலையையும் நம்பிய வீடுகளில் அப்பொழுது வருவாய் அருகிவிடும். கல்வியாண்டோ வழக்கமாகத் தொடங்குவது சனவரியிலே. வீட்டிற் காசு இல்லாத மாதமும், பாடசாலைக்கு மிகுதியாகச் செலவழிக்க வேண்டிய மாதமும் ஒன்றாய் அமைந்துவிடுகின்றன. சப்பாத்தின்றி வந்த சிறுவன் காலைக்கூட்டத்தில் வரிசையினின்றும் பிரித்து நிறுத்தப்படுகின்றான். மறுநாள் அவன் வருவதில்லை. பின்னர்க் கடல் அடங்குகின்றது. வலை இழுக்கக் கை வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அங்கே ஒரு பங்கு உண்டு. சனவரியில் நாணத்தால் நின்றவன் சித்திரையிற் கூலியால் நின்றுவிடுகின்றான். ‘ஒழுங்கற்றவன்’ என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதுகின்றோம்.

வழியின் இடரும் வறுமையின் பாற்பட்டதே. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிற் பாலம் கட்டி முடியாதிருந்தமையால் மக்கள் ஏறிச்சென்ற மிதவை கவிழ்ந்து சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். அன்று காலை பிள்ளைகளை அனுப்பிய தாய்மாருக்குப் பாடசாலை இலவசந்தான்.

நிற்க. இனவேற்றுமையால் நேர்ந்த இழப்பு இதனினும் ஆழமானது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தின் மக்கள் ஏறக்குறைய 3 இலட்சத்து 79 ஆயிரம் பேர். நூற்றுக்கு 40 பேருக்கு மேல் முஸ்லிம்கள். 30 பேரளவில் தமிழர். 27 பேரளவிற் சிங்களவர். போரும் பெயர்வும் அவர்கள் எல்லோரையுந் தாக்கின. 2006ஆம் ஆண்டிலே சம்பூரை விட்டு ஓடிய மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களிலுள்ள முகாம்களில் வாழ்ந்து, 2015ஆம் ஆண்டு முதலே சிறுகச் சிறுக ஊர் மீண்டனர். 2006இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த ஒரு சிறுமி 2015இற் பத்தாம் வகுப்பில் இருப்பாள். அவளுடைய பாடசாலைக் காலம் ஏறத்தாழ முழுவதும் தகரக்கொட்டிலிற் கழிந்தது. அத்தகையவளின் கணித அறிவை நகரத்துப் பிள்ளையின் அறிவோடு ஒரே கோலால் அளந்து, மந்தபுத்தி எனத் தீர்ப்பளிப்பது நீதியாகாது. அவளுக்கு வேண்டியது விடுபட்ட பாடங்களை அடிநாள் தொட்டு மீளக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்க் கிழக்குப் பகுதிகளில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். இத்தீவின் ஆதிக்குடிகளின் வழித்தோன்றல்கள் அவர்கள். காட்டையும் கடலையும் அவர்களைப் போல் அறிந்தவர் நம்மிற் சிலரே. அங்ஙனமாகவும் வகுப்பறையில் ‘வேடன்’ என்னுஞ் சொல் வசையாகவே வழங்குகின்றது. கண்ணப்பரைக் கோயிலிலே வணங்கும் நாம், அவர் குலப் பெயரைப் பள்ளிக்கூடத்திலே பழிச்சொல்லாக்கியது விந்தையே.

பேச்சுமொழியும் ஒரு வேலியாகின்றது. வாப்பா, உம்மா என்று வீட்டிற் பேசும் பிள்ளையும், கரையோரச் சொல்லோடு வரும் பிள்ளையும் பாடநூற் செந்தமிழை ஏறக்குறைய ஓர் அயல்மொழியாகவே எதிர்கொள்கின்றனர். வீட்டுச் சொல்லைப் பிழையென்று நகைத்தால் பிள்ளை வாய் மூடிவிடும். வீட்டுச் சொல்லையுங் கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தே நூற்சொல்லை எழுதிக் காட்டும் ஆசிரியரிடம் அது இரண்டையுங் கற்கும். நோன்புக் காலத்தில் ஓட்டப் பந்தயம் வைக்காதிருத்தலும் இத்தகையதொரு சிறு கவனமே. 2018ஆம் ஆண்டு ஆசிரியைகள் சிலரின் உடை பற்றி நம் நகரில் எழுந்த பிணக்கு நாடெங்கும் பேசப்பட்டது. அதன் நியாயங்களை ஈண்டு எடுத்துரைக்கப் புகேன். அடுத்தடுத்த தெருக்களில் வாழ்வோர், மொழியாலும் மதத்தாலும் பிரிந்த பாடசாலைகளில் வளர்ந்து, பதினெட்டு வயது வரை ஒருவர் வழக்கத்தை ஒருவர் அறியாதிருந்ததன் விளைவு அது என்பது மட்டும் என் துணிபு. தமிழ்மொழித்தினப் போட்டிகளிற் கிண்ணியாப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே மேடையில் நிற்கின்றனர். அவ்வாறான மேடைகள் இன்னும் பல வேண்டும்.

வேற்றுமையைப் பாடசாலையே வளர்த்த காலமும் உண்டு. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட்டனர். உதவிப் பணம் பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் அளித்தல் வேண்டுமென 1929இல் அரசாங்கம் பணித்தபொழுது எதிர்ப்பு மூண்டு, பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. ஆயினும் வாங்கு பொதுவாயிற்று. 1897இல் தொடங்கிய நம் கல்லூரி, 1925இல் இராமகிருஷ்ண சங்கத்தின் பரிபாலனத்துக்கு வந்தது. அக்காலத்து அதனைப் பேணிய சுவாமி விபுலாநந்தர், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த நாளிலே, திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குத் தாமே சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பிள்ளை வருமட்டும் அவர் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டிலே காமராசர் 1956இல் தொடக்கிய மதிய உணவுத் திட்டத்திலிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. சோறு வகுப்பறைக்கு அருகிலேயே, எல்லோருங் கூடியிருந்து உண்ணுமாறு பரிமாறப்பட்டது. ஏழைப் பிள்ளையின் பெயரை மேடையில் அழைத்துப் பொதியைக் கையிற் கொடுத்துப் படம் பிடிக்கும் நம் வழக்கத்துடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்க. படம் வெளிவந்த மறுநாள் வகுப்பிலே அப்பிள்ளைக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்துவிடுகின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, பிறர் உதவியை நாடியறியாத குடும்பங்களும் பசியோடு பிள்ளைகளை அனுப்பின. அத்தகையோர் மேடைக்கு வாரார்.

ஆதலின் பழைய மாணவர் சங்கம் கார்த்திகை மாதத்திலேயே வகுப்பாசிரியர்களிடம் கேட்டுப் பட்டியலைத் தயாரித்தல் வேண்டும். எந்தப் பிள்ளையின் சப்பாத்து கிழிந்தது, எந்தப் பிள்ளை இடைவேளையிற் குழாயடியில் நிற்கின்றது என்பதை வகுப்பாசிரியரும் சிற்றுண்டிச்சாலைக்காரரும் அறிவர். பட்டியல் அதிபரிடம் மட்டும் இருக்கட்டும். சப்பாத்தும் கொப்பியும் மார்கழி விடுமுறைக்குள் வீட்டுக்கே போய்ச் சேரட்டும். பஸ் பருவச்சீட்டுக்கான பணத்தை வகுப்பாசிரியர் கையிற் கொடுத்து வைக்கலாம். தாய் வெளிநாட்டிலே பணிப்பெண்ணாயிருக்க அம்மம்மாவோடு வாழும் பிள்ளைக்குக் காசினும் மாலையில் ஒரு மணி நேரம் பாடஞ் சொல்லித் தருபவரே தேவை. ஓய்வுபெற்ற ஆசிரியர் நம் சங்கத்திற் பலர் உளர். மூன்று நாள் தொடர்ந்து வாராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் ஒருவர் சென்று, ‘ஏன் வரவில்லை’ என்று கடியாது, ‘உன்னுடைய இடம் வெறுமையாயிருக்கின்றது’ என்று சொல்லி வரலாம். சம்பூருக்கோ வெருகலுக்கோ செல்வதாயின் ஒரு பகற்பொழுது வேண்டும்; நம் சங்கத்தில் வாகனம் வைத்திருப்போரும் பலர்.