வரி யார் மடியில்?

தோழர்களே! மாநகராட்சி வரவு-செலவு என்றாலே, "அது மேயர் பாடு, கமிஷனர் பாடு" என்று ஒதுங்குகிறோம். ஒதுங்கலாமா?

சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி உயர்ந்து நிலைத்தது 2022-இல்தான். இருபத்து நான்கு ஆண்டுகள் நிலையான உயர்வு இல்லாமல் விட்டதில் கொழுத்தவர் யார்? மாளிகைக்காரரே! உயர்த்தியபோதாவது ஒரு நியாயம் இருந்தது. பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 விழுக்காடு உயர்வு. 1,800-க்கு மேற்பட்டதற்கு 150. இருப்பவன் கூடுதலாகக் கொடு என்ற கணக்கு. நல்ல கணக்குத்தான்.

2024 செப்டம்பரில் மாமன்றம் நிறைவேற்றியதோ 6 விழுக்காடு. ஒண்டுக்குடித்தனத்துக்கும் மாளிகைக்கும் ஒரே அளவு! மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வரி வசூலும் வளர்ந்தால்தான் மானியம் என்றது 15-ஆவது நிதிக்குழு. வளரட்டும். யாரிடம் எவ்வளவு என்பதையுமா டில்லி எழுதிக் கொடுத்தது?

வரிச்சீட்டு வருவது வீட்டுக்காரர் பெயரில். வாடகையோடு சேர்ந்து இறங்குவதோ பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் குடியிருக்கும் தொழிலாளியின் மடியில்! அவன் கட்டுகிறான், ரசீதில் அவன் பெயர் இல்லை.

அடுத்த வரவு-செலவு மன்றத்துக்கு வருமுன், உங்கள் வட்டத்து உறுப்பினரைப் பாருங்கள். 600 சதுர அடிக்காரனுக்குத் தனிக் கணக்கு எங்கே என்று கேளுங்கள். பதில் வரும் வரை வாசலை விட்டு நகராதீர்கள்.