ஜிப்பில் தோல் மாட்டினால் இழுக்காதீர்கள்

பள்ளிக்கூடம் போகிற அவசரம். பையன் கால்சட்டையை மாட்டுகிறான். ஜிப்பை வேகமாக மேலே இழுக்கிறான். உடனே அலறுகிறான். ஆணுறுப்பின் தோல் ஜிப்பில் மாட்டிக்கொண்டது. ஜட்டி போடாத சிறுவர்களுக்கு இப்படி நேர்வது உண்டு.

நாம் என்ன செய்கிறோம்? பதறிப்போய் ஜிப்பைக் கீழே இழுக்கிறோம். அது தவறு. தோல் கிழியும். ரத்தம் வரும். வீக்கம் கூடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பையனைத் திட்டாதீர்கள். திட்டினால் வெட்கப்பட்டு வலியை மறைப்பான். அவனைப் படுக்க வையுங்கள். ஜிப்பைச் சுற்றியுள்ள துணியைக் கத்தரித்து எடுங்கள். துணியின் பாரம் தோலை இழுக்காது. ரத்தம் வராவிட்டால் தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். தோல் தானாக வழுக்கி வந்தால் நல்லது. வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ளவர்கள் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் போட வேண்டாம்.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்வார். அதற்கு லிக்னோகெய்ன் என்ற மருந்து உண்டு. அது 1943-இல் ஸ்வீடன் நாட்டில் உருவானது. பல் பிடுங்கும்முன் ஈறில் போடும் ஊசியிலும் இதுவே பெரும்பாலும் இருக்கும். வலியை மூளைக்குச் சொல்லும் நரம்பை இது சிறிது நேரம் தடுக்கும். குழந்தை விழித்தே இருப்பான். தோலில் பூசும் களிம்பும் உண்டு. சில களிம்புகள் வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அது போதாவிட்டால் ஊசி போடுவார்.

ஜிப்பில் ஓடும் பகுதிக்கு இரண்டு தகடுகள். நடுவில் ஒரு சிறிய இணைப்பு. அதை வெட்டினால் தகடுகள் பிரியும். ஜிப்பின் பற்கள் விலகும். தோல் விடுபடும்.

களிம்பை நாமே வாங்கிப் பூசலாமா?

கூடாது. அளவு மீறினால் மருந்து ரத்தத்தில் கலந்து வலிப்பு வரலாம். இதயமும் பாதிக்கப்படலாம். பல் முளைக்கும் குழந்தைகளின் ஈறில் இந்த மருந்தைத் தடவ வேண்டாம் என்று 2014-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்தது. குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டாலும், வீக்கம், சீழ், காய்ச்சல் வந்தாலும் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

சிறுவர்களுக்கு ஜட்டி போட்டுப் பழக்குங்கள். பட்டன் வைத்த கால்சட்டை இன்னும் நல்லது.

“வலி தெரியாமல் எடுக்க மருந்து போடுங்கள்” என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்க வெட்கம் வேண்டாம்.