குறி தவறினாலும் விழும் பாலம்

ஒரு ரயில் பாலத்தை விமானத்திலிருந்து குண்டு போட்டு உடைப்பது லேசான காரியம் இல்லை. 12,000 அடி உயரத்திலிருந்து பார்த்தால் பாலம் வெறும் கோடாகத்தான் தெரியும். குண்டு அதன் பக்கத்தில் விழுந்தால், வெடிப்பின் காற்றழுத்தம் வளைவுகளுக்கு இடையே உள்ள திறப்புகளில் புகுந்து மறுபக்கம் போய்விடும். மேல்தளத்தில் பட்டால் ஓட்டை விழும். ரயில்வே ஆட்கள் சில நாட்களில் அதை அடைத்துத் தண்டவாளம் போட்டுவிடுவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானப்படைகளை இப்படி அலைக்கழித்த பாலம், ஜெர்மனியின் பீலஃபெல்டு நகரை ஒட்டிய ஷில்டெஷே பாலம். 1847-இல் ரயில் ஓடத் தொடங்கிய கல் வளைவுப் பாலம் அது. பின்னர் அதன் பக்கத்திலேயே இன்னொன்றையும் கட்டி இரட்டைப் பாலமாக்கினார்கள். மேற்கே ரூர் பகுதி. நாட்டின் நிலக்கரியும் எஃகும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தன. கிழக்கே ஹனோவரும் பெர்லினும். நடுவில் இந்தப் பாலம். நிலக்கரி போய்ச் சேராவிட்டால் மின்நிலையம் நிற்கும், ஆலை நிற்கும், நிலக்கரியை இழுக்கும் நீராவி எஞ்சினும் நிற்கும். அதனால் குண்டுவீச்சு விமானங்கள் திரும்பத் திரும்ப வந்தன. சிதைந்தவை பெரும்பாலும் சுற்றியிருந்த வயல்களும் வீடுகளும்தான். அங்கே குடியிருந்தவர்கள் கொடுத்த விலை பெரிது.

குறி வைப்பதே அன்று எவ்வளவு பெரிய பாடாக இருந்தது என்பதற்கு 1941 ஆகஸ்டில் பிரிட்டனில் தயாரான பட் அறிக்கையே சாட்சி. இரவில் எடுத்த வான்படங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். இலக்கைத் தாக்கிவிட்டதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அந்த இலக்கிலிருந்து 8 கிலோமீட்டருக்குள்ளாவது குண்டு போட்டிருந்தது. புகைமூட்டம் நிறைந்த ரூர் பகுதியில் பத்தில் ஒன்று.

இந்தச் சிக்கலை நேர்எதிர்த் திசையிலிருந்து அணுகினார் விக்கர்ஸ் நிறுவனப் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ். பாலத்தின் மேல் குண்டு விழ வேண்டும் என்று யார் சொன்னது? பக்கத்தில் விழட்டும், ஆனால் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியபின் வெடிக்கட்டும். காற்றில் வெடித்தால் சக்தி நாலா பக்கமும் சிதறும். மண்ணுக்குள் அது அடைபட்டு, அதிர்வலையாக அஸ்திவாரத்தைப் போய் முட்டும். கற்கட்டு எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. தூணுக்குள் புகும் அமுக்க அலை மறுபக்க முகப்பில் பட்டுத் திரும்பும்போது இழுவிசையாக மாறிவிடுகிறது. அந்த இழுப்பில் கட்டு பிளக்கிறது. போதாக்குறைக்கு, வெடித்த இடத்தில் மண்ணுக்கு அடியில் ஒரு குகை உண்டாகிறது. ‘நிலத்தடிப் பொள்ளல்’ என்று அதைச் சொல்லலாம். மேலே நிற்கும் பாரம் அதற்குள் சரிகிறது. நிலநடுக்கத்தைப் பொட்டலம் கட்டி அனுப்புகிற யோசனை இது!

யோசனை சரி, குண்டு உடையாமல் மண்ணைத் துளைக்க வேண்டுமே? சாதாரணக் குண்டின் மெல்லிய தகட்டு ஓடு தரையில் மோதியதுமே நசுங்கிவிடும். வாலிஸின் குண்டுக்கு உயர்ரக எஃகில் கனத்த ஓடு வார்க்கப்பட்டது. மூக்குப் பகுதி இன்னும் கனம். ‘கிராண்ட் ஸ்லாம்’ என்ற பெரிய குண்டின் எடை ஏறத்தாழ 10 டன். அதில் பாதிக்கும் குறைவுதான் வெடிமருந்து, மீதி எஃகு. டார்பெக்ஸ் என்ற அந்த மருந்தை உருக்கி உள்ளே ஊற்றினார்கள். அது ஆறி இறுகவே ஒரு மாதம் போலப் பிடித்தது.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதன் வாலில் இருக்கிறது. உயரத்திலிருந்து விழும்போது குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும். முன்னோடியான 5 டன் ‘டால்பாய்’ குண்டு, சோதனைகளில் அந்த வேகத்தில் தடுமாறிக் குட்டிக்கரணம் போட்டது. வால் துடுப்புகளை வெறும் 5 டிகிரி சாய்த்து வைத்தார் வாலிஸ். காற்று அவற்றில் பட்டதும் குண்டு பம்பரமாகச் சுழன்றது. சுழன்றதும் ஆட்டம் நின்று மூக்கு தரையையே பார்த்து இறங்கியது. குண்டின் பின்புறத்தில், மோதியபின் சில விநாடிகள் பொறுத்து வெடிக்கும்படி தாமத வெடிப்பான்கள் மூன்று. ஒன்று பழுதானாலும் மற்றவை காப்பாற்றும்.

இவ்வளவு கனத்தைத் தூக்க லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம் எதையெல்லாமோ இழக்க வேண்டியிருந்தது. முன்பக்கத் துப்பாக்கி மேடையும் முதுகில் இருந்ததும் போயின. குண்டு உள்ளே அடங்காததால் வயிற்றுக் கதவுகளையே கழற்றிவிட்டு, சங்கிலி கட்டித் தொங்கவிட்டார்கள். குறிபார்க்கும் கருவியும் தனி ரகம். உயரம், வேகம், காற்று எல்லாவற்றையும் கணக்கிட்டு, உரிய கணத்தில் அதுவே குண்டை விடுவிக்கும். அதுவரை விமானி பல நிமிடங்கள் அசையாமல் நேர்கோட்டில் பறக்க வேண்டும், கீழிருந்து பீரங்கி சுட்டாலும்.

1945 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் கிராண்ட் ஸ்லாமைச் சோதித்தார்கள். மறுநாளே பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆவது ஸ்குவாட்ரன் ஷில்டெஷேக்குக் கிளம்பியது. கிராண்ட் ஸ்லாம் ஏற்றிய இரண்டு விமானங்களில் ஒன்றின் எஞ்சின் கிளம்பும் நேரத்தில் கோளாறாகிவிட, கால்டர் என்ற அதிகாரி ஓட்டிய விமானம் மட்டுமே அதைக் கொண்டுபோனது. குண்டு கழன்றதும் பாரம் நீங்கிய விமானம் சட்டென்று மேலே எம்பியது. கீழே குண்டு பாலத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் புகுந்தது. சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரை பொங்கியது. உடன் வந்த விமானங்கள் போட்ட டால்பாய்களும் சேர, இரட்டைப் பாலத்தில் 100 மீட்டருக்கு மேல் வளைவுகள் சரிந்தன.

ஆனால் ஜெர்மன் ரயில்வே பொறியாளர்களும் சும்மா இருக்கவில்லை. பாலம் என்றைக்காவது விழும் என்று கணித்து, பள்ளத்தாக்கைச் சுற்றி ஒரு மாற்றுப் பாதையை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். வாலிஸின் குண்டை வியப்பவர்கள் இந்த முன்யோசனையையும் வியக்கத்தான் வேண்டும். ஒரு பாலத்தை மட்டும் உடைத்து ஒரு நாட்டின் ரயில்வேயை நிறுத்த முடியாது. பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் யார்டுகள், கால்வாய்கள், பாலங்கள் எல்லாவற்றின் மீதும் 1944 இலையுதிர் காலத்திலிருந்து விழுந்த தொடர் அடிதான் அதைச் செய்தது. அனுப்ப வழியில்லாமல் ரூர் சுரங்க வாசல்களில் நிலக்கரி மலைபோல் குவிந்தது. போருக்குப் பின் அமெரிக்க அரசு நடத்திய விரிவான ஆய்வும், ஜெர்மன் பொருளாதாரத்தை முற்றாகக் குலைத்த தீர்மானமான அடி போக்குவரத்தின் மேல் விழுந்ததே என்று முடிவு கூறியது.