இருபத்தொன்றுக்குள் பட்டம்: கிரெடிட் சேர்ப்பது எப்படி, எங்கே கவனம் வேண்டும்

(ஒலிபரப்பான பேச்சு, படிப்பதற்கு ஏற்றபடி சற்றே திருத்தப்பட்டது.)

போன அத்தியாயத்தில் எச்-4 பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன் இல்லையா? அதுக்கப்புறம் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, என் பொண்ணுக்கு இப்ப பதினாறு. இருபத்தொண்ணு ஆகறதுக்குள்ள டிகிரி முடிக்க வழி இருக்கா, கையைக் கடிக்காம?" இருக்கு. எங்க வீட்டிலேயே முடிச்சோம். நாங்க பண்ணின தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

ஏன் இந்த அவசரம் என்று புதிதாகக் கேட்பவர்களுக்காக: அப்பாவோ அம்மாவோ எச்-1பியில் இருக்கிறார், கிரீன் கார்டு வரிசை நகரவில்லை என்றால், பிள்ளைக்கு 21 வயது ஆனதும் எச்-4 போய்விடும். படிப்பைத் தொடர எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறணும். பல கல்லூரிகளில் அப்போது வெளிநாட்டு மாணவர் கட்டணம் வந்துவிடும். ஃபெடரல் உதவித்தொகை இரண்டு விசாவுக்குமே கிடையாது. முழுக்கக் கைக்காசுதான்.

இளங்கலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட். ஒரு பாடத்துக்கு 3 என்று வைத்தால் நாற்பது பாடம். இந்த நாற்பதையும் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்துதான் முடிக்கணும்னு இல்லை. நம்ம ஊர் கல்லூரியில் படித்து வந்த நமக்கு இது புரியவே கொஞ்சம் நாளாகும். எனக்கு ஆச்சு.

முதல் வழி கிளெப் தேர்வு. ஏ.பி., எஸ்.ஏ.டி. நடத்துகிற அதே காலேஜ் போர்டு 1967 முதல் நடத்துவது. ஏ.பி. மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை மே மாதம் காத்திருக்க வேண்டாம், நேரம் பதிந்துகொண்டு போய் எழுதலாம். விசா என்ன என்று யாரும் கேட்பதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரம். மதிப்பெண் 20லிருந்து 80 வரை, 50 வாங்கினால் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கக் கல்வி மன்றமான ஏ.சி.இ.யின் பரிந்துரை. தவறினால் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம், ஜி.பி.ஏ.வில் கை வைக்காது. கட்டணம் நூறு டாலருக்குள், தேர்வு மையத்துக்குத் தனியாகக் கொஞ்சம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளையின் இலவசப் பாடத்தை ஆன்லைனில் முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு அவர்களே வவுச்சர் தருகிறார்கள். என் மகள் ஏழு தேர்வு எழுதினாள், 24 கிரெடிட். ஆறு தேர்வுக்கு மும்மூன்று, உயிரியலுக்கு மட்டும் ஆறு.

இரண்டாவது, பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுப்பது. டூயல் என்ரோல்மென்ட் என்பார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் கட்டணமே இல்லை. நாங்க இருக்கிற நியூ ஜெர்சியில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எங்க கவுண்டி காலேஜில் சலுகை கிடைத்தது. ஆறு பாடம், 18 கிரெடிட்.

ஒன்று நினைவிருக்கட்டும். இங்கே வாங்குகிற மார்க் நிரந்தரமான கல்லூரி மார்க். பதினாறு வயதில் விளையாட்டாக வாங்கின 'சி', பின்னால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் வந்து நிற்கும். டாக்டர் கனவு இருக்கிற வீட்டுக்கு இன்னொன்றும் சொல்லணும். உயிரியல், வேதியியல் மாதிரி முன்தேவைப் பாடங்களைத் தேர்வு எழுதிக் கழித்தால் பல மருத்துவக் கல்லூரிகள் ஒத்துக்கொள்வதில்லை. அவங்க இந்தக் குறுக்கு வழிக்கே வர வேண்டாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, சோஃபியா மாதிரி மாதச் சந்தா ஆன்லைன் பாடங்கள். மாதம் 99 டாலர் கட்டினோம். ஒரு நேரத்தில் இரண்டு பாடம், முடித்தால் அடுத்தது. பன்னிரண்டாவது முடித்த கோடையில் என் மகள் எட்டுப் பாடம் முடித்தாள். இன்னும் 24.

இப்ப எங்க தப்புக்கு வர்றேன். முதல் மூன்று கிளெப் தேர்வை எந்தக் கல்லூரி என்று முடிவு பண்ணாமலே எழுத வைத்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. போனில் கேட்டபோது "தாராளமா எடுத்துக்குவோம்" என்றார்கள். அட்மிஷன் வந்தபிறகு மூன்றில் இரண்டைத் தள்ளிவிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் 61 வாங்கியிருந்தாள். "நாலு மாசம் படிச்சேனே அம்மா" என்று அழுதாள். என்னிடம் பதிலே இல்லை. போனில் பேசினவர் பெயர்கூட நான் எழுதி வைக்கவில்லை.

ஏ.சி.இ. சொல்வது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் இஷ்டம். எம்.ஐ.டி. கிளெப்பை ஏற்பதே இல்லை. அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்க. முதலில் கல்லூரி, அப்புறம் பட்டம், அந்தப் பட்டத்தின் பாடப் பட்டியல், அதற்குப் பிறகுதான் தேர்வு. "இந்தத் தேர்வு உங்கள் பட்டத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடு?" என்று மின்னஞ்சலில் கேளுங்க. 'எலெக்டிவ்' என்று பதில் வந்தால் உஷார். எலெக்டிவுக்கு இடம் நிரம்பிவிட்டால் மிச்ச கிரெடிட் சும்மா கிடக்கும். மேல்நிலைப் பாடம் எத்தனை வேணும் என்றும் கேளுங்க. கிளெப், கம்யூனிட்டி காலேஜ் எல்லாம் முதல் இரண்டு வருஷத்துப் பாடங்கள்தான்.

கடைசியில் நாங்க போனது வெளிக் கிரெடிட்டை நிறைய ஏற்கிற இடத்துக்கு. நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசன், நியூயார்க்கில் எக்செல்சியர், கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக். மூன்றுமே 1970களின் தொடக்கத்தில், வேலைக்குப் போகிற பெரியவர்களுக்காக வந்தவை, முறையான அங்கீகாரம் உள்ளவை. இந்த மூன்றில் ஒன்றில் சேர்ந்தாள். தள்ளப்பட்ட இரண்டு தேர்வும் அங்கே செல்லுபடியாச்சு. 66 கிரெடிட்டோடு நுழைந்தவள், பத்தொன்பதரை வயதில் முடித்தாள்.

ஆனால் இதில் விசாச் சிக்கல் ஒன்று இருக்கு, பலருக்குத் தெரியாது. முழுக்க ஆன்லைன் படிப்புக்கு எஃப்-1 கிடைக்காது. ஆக இந்த வழி எச்-4 இருக்கும்வரைதான். பாதியில் 21 ஆகிவிட்டால் வகுப்பறைக் கல்லூரி ஒன்றுக்கு மாறியே ஆகணும். அதேபோல எச்-4லேயே பட்டத்தை முடித்துவிட்டால் ஓ.பி.டி. வேலை அனுமதி இல்லை, அது எஃப்-1 மாணவருக்கு மட்டும். எங்க கணக்கு என்னவென்றால், இளங்கலையில் மிச்சமான பணத்தை முதுகலைக்கு வைத்தோம். இப்ப எஃப்-1இல் படிக்கிறாள், ஓ.பி.டி. அதில் வரும். நேரே வேலைக்குப் போகணும் என்று நினைக்கிற பிள்ளைக்கு இந்த அவசரம் பாதகமாகக்கூட ஆகலாம். ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசிவிட்டு முடிவெடுங்க.

ஒரு கொசுறு. கிளெப்பில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டும்தான். ஏ.சி.டி.எஃப்.எல். நடத்தும் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு. பாட்டியோடு போனில் அரட்டை அடிக்கிற பிள்ளைக்கு அதில் கிரெடிட் கிடைக்க வாய்ப்பிருக்கு. அதையும் கல்லூரியிடம் முதலில் எழுத்தில் கேட்டுக்குங்க.

அடுத்த வாரம், எச்-4லிருந்து எஃப்-1க்கு மாறும் காகித வேலை. எந்த மாதம் தொடங்கணும், எது இழுத்தடிக்கும் என்று பார்க்கலாம்.