கடலுக்குப் பூட்டிட்ட பீரங்கி

சுல்தான் இரண்டாம் முஹம்மது அவர்கள் 1453-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிள் நகரை வெற்றி கொண்ட வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்நகரின் மதில்களைத் தாக்கிய மாபெரும் பீரங்கியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், வென்ற நகரைக் காப்பதற்கு அவர் செய்த ஏற்பாட்டைப் பற்றி நம்மில் அறிந்தோர் சிலரே.

கடல் வழியாக அந்நகரை நெருங்கும் மேற்கு நாட்டுக் கப்பல்கள் தார்தனெல்ஸ் ஜலசந்தியைக் கடந்தே வர வேண்டும். அதன் மிகக் குறுகிய பகுதி ஏறத்தாழ 1200 மீட்டர் அகலமே கொண்டது. அங்கே, இரு கரைகளிலும் எதிரெதிராக இரண்டு கோட்டைகளைச் சுல்தான் எழுப்பினார். ஐரோப்பியக் கரையில் நிற்பது கிலித்பஹிர். 'கிலித்' என்றால் துருக்கி மொழியில் பூட்டு. 'பஹ்ர்' என்றால் அரபியில் கடல். கடலின் பூட்டு! பெயரே அக்கோட்டையின் பணியைச் சொல்லிவிடுகிறது.

முனீர் அலியின் கைத்திறன்

இந்த ஜலசந்தியைக் காத்த பெரும் பீரங்கிகளுள் ஒன்று இன்றும் பழுதின்றி இருக்கிறது. ஹிஜ்ரி 868, ரஜப் மாதம், அதாவது கி.பி. 1464-இல், முனீர் அலி என்னும் வார்ப்புக் கலைஞர் இதனைச் செய்தார். சுல்தானின் பெயருடன் அவருடைய பெயரும் பீரங்கியின் வாயைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ளது.

இதன் எடை ஏறத்தாழ 17 டன். நீளம் 5 மீட்டருக்கு மேல். வாயின் விட்டம் இரண்டடிக்குச் சற்று அதிகம். செம்புடன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து உருக்கிய வெண்கலத்தால் ஆனது. இத்தனை பெரிய பொருளை ஒரே வார்ப்பாக ஊற்றுவதும், ஊற்றியபின் இடம் பெயர்ப்பதும் பெரும்பாடு. எனவே முனீர் அலி அதனை இரு பகுதிகளாக வார்த்தார். குண்டு செல்லும் குழல் ஒன்று. வெடிமருந்து வைக்கும் அறை மற்றொன்று. இரண்டையும் இணைப்பது திருகுமரை! நெம்புகோல்களைச் செருகித் திருகுவதற்காக விளிம்புகளில் குழிகளும் அமைத்தார். டன் கணக்கில் எடையுள்ள இரு வார்ப்புகளின் மரைகள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டுமெனில், அளவையில் எத்துணை நுட்பம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருந்தறையின் துளை, குழலின் துளையில் பாதி அகலம்கூட இல்லை. ஆகவே அதன் சுவர் மிகத் தடித்தது. வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் தாங்க வல்லது. குண்டைக் கல்லில் செதுக்கியதற்கும் காரணம் உண்டு. அதே பருமனுள்ள இரும்புக் குண்டின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கல்லுக்கு இருப்பதால், மருந்தும் அழுத்தமும் குறைவாகவே தேவைப்பட்டன. ஆயினும், அது மரக்கப்பலில் பெருந்துளையை உண்டாக்கியது.

குறையும் உண்டு

மண்ணிலும் மரத்திலும் கிடத்தப்பட்ட இப்பீரங்கியைக் கப்பலின் போக்குக்கேற்பத் திருப்ப இயலாது. ஒருமுறை சுட்டபின் மீண்டும் சுட நெடுநேரம் ஆகும். குறுகிய நீர்வழியும், மேலேறும் பாய்மரக் கப்பலைத் தாமதப்படுத்தும் நீரோட்டமும் இக்குறைகளை ஓரளவு ஈடுசெய்தன. இடமறிந்து செய்த பொறியியல் இது.

1807-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், டக்வொர்த் தலைமையிலான பிரிட்டிஷ் கப்பற்படை இவ்வழியே திரும்பியபோது, இக்கோட்டைகளின் பழம் பீரங்கிகள் முழங்கின. 'விண்ட்சர் காசில்' என்ற போர்க்கப்பலின் நடுப் பாய்மரத்தை, சுமார் 800 பவுண்டு எடையுள்ள கற்குண்டு ஒன்று தாக்கிச் சிதைத்தது.

நாம் சிந்திக்க

இச்செய்தி நமக்குப் பெருமிதம் தரலாம். ஆனால், அதே செய்தி ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. மூன்றரை நூற்றாண்டுகள் ஆகியும் கற்குண்டுப் பீரங்கிகளே காவலில் நின்றது ஏன்? இதற்கிடையில் ஐரோப்பியர் இரும்பை வார்க்கவும், எளிதில் திருப்பக்கூடிய பீரங்கிகளைச் செய்யவும் கற்றுத் தேர்ந்திருந்தனர். 1866-இல் சுல்தான் அப்துல் அஜீஸ், முனீர் அலியின் பீரங்கியை விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்பாக வழங்கினார். இன்று அது இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் அருகே, நெல்சன் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1915 மார்ச் 18 அன்று நேச நாடுகளின் கப்பல்கள் இதே ஜலசந்தியைத் தாக்கின. கிலித்பஹிர் அருகிலிருந்த பீரங்கித் தளத்தில் பளுதூக்கி பழுதுபட்டது. செய்யித் என்னும் எளிய படைவீரர், 200 கிலோவுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தம் முதுகிலேயே சுமந்து பீரங்கிக்குக் கொண்டு சேர்த்தார் எனத் துருக்கியர் இன்றும் போற்றுகின்றனர். அவருடைய வீரத்தில் குறையில்லை. எனினும், அவர் குண்டேற்றிய பீரங்கி ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் செய்யப்பட்டது.

முனீர் அலியின் காலத்தில் பட்டறையில் இருந்த அறிவு, பிறகு விலைகொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. வீரம் குன்றியதால் வந்த நிலை அன்று. கற்பது நின்றதால் வந்தது. ஆகவே, முன்னோரின் பெருமையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, 'அவர் இதை எப்படிச் செய்தார்?' என்ற கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு விடை காணக் கணிதமும் அறிவியலும் வேண்டும். அவற்றைக் கற்கும் வாய்ப்பை ஆண், பெண் இரு பாலருக்கும் அளிப்பது நம் கடமையாகும்.